பதில் சொல்லாத டிஸ்க்

செத்துப்போன டிஸ்க்கால் என் தூக்கம் கெட்டதில்லை. எட்டு டிஸ்க் உள்ள சர்வரில் ஒன்று செத்தால் சிவப்பு விளக்கு எரியும், மெயில் வரும், புது டிஸ்க்கைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போகலாம். 1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும், பல டிஸ்க்குகளை ஓர் அணியாகச் சேர்க்கும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரை இந்த வகைச் சாவுக்குத்தான் மருந்து சொன்னது. எந்த டிஸ்க் போனது என்பது தெரிந்துவிடும், மிச்சம் இருப்பவற்றை வைத்து அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. அந்தக் கணக்கு இன்றுவரை பொய்த்ததில்லை.

தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு ஜாதி. சாகவும் சாகாது, வேலையும் செய்யாது. கேட்ட செக்டரைத் தராது; ‘என்னால் முடியவில்லை’ என்றும் சொல்லாது. பேசாமல் இருக்கும். அது பேசாமல் இருக்கும்வரை மற்ற ஏழு நல்ல டிஸ்க்குகளும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பந்தியில் கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை அல்லவா, அந்த மரியாதையைத்தான் ஃபைல் சிஸ்டமும் காட்டுகிறது. அந்த டிஸ்க்கில் விழவேண்டிய ஒரு துண்டு விழாமல், மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ஜர்னல் முடியாது. ஜர்னல் முடியாமல் வேறு யாரும் எழுத முடியாது. எழுதக் காத்திருப்பவன் பிடித்துவைத்திருக்கும் பூட்டுக்காக, படிக்க வந்தவனும் காத்திருப்பான்.

பெரிய டேட்டா சென்டர்களிலும் இதே கதைதான். 2018இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹர்யாதி குணவியும் அவரோடு சேர்ந்த பலரும் 12 நிறுவனங்களிலிருந்து 101 சம்பவங்களைத் திரட்டி சேமிப்புத் தொழில்நுட்பத்துக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியிட்டார்கள். எல்லாமே சாகாமல் மெதுவாகிப்போன வன்பொருள்களின் கதைகள். எங்கோ ஒரு மூலையில் ஒரு பாகம் சுணங்க, அதன் பாரம் சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளிப்படுகிறது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது, நான் தனியாக மல்லுக்கட்டிய ராத்திரிகளுக்கெல்லாம் யாரோ பெயர் வைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஒரு வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோவின் சர்வரை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ். எட்டு டிஸ்க்கில் ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் அமைப்பு. எட்டு டிஸ்க்குக்கு ரெய்டு 5 போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நான் போவதற்கு முன்பே அது அப்படித்தான் அமைந்திருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் தனி எஸ்எஸ்டியில். கல்யாண சீசனின் ஃபுட்டேஜ் முழுக்க அந்த எட்டு டிஸ்க்கில்தான், பாதிக்கு மேல் வேறெங்கும் நகல் இல்லை. அங்கே வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான்.

“அண்ணே, எல்லா மெஷினும் அப்படியே நின்னுடுச்சு. சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடவா?”

“வேணாம் தம்பி. நான் வர்ற வரைக்கும் யாரும் பட்டன்ல கை வைக்கக் கூடாது. கதவைச் சாத்திடு.”

ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது பாதி வியாதிகளுக்கு நல்ல மருந்துதான். இந்த வியாதிக்கு மட்டும் அது விஷம். முதல் காரணம் சாட்சி. கர்னல் நடந்ததையெல்லாம் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கிறது. லாக் ஃபைலும் அந்த எட்டு டிஸ்க்கிலேயே இருந்தால், நின்றுபோனது பற்றிய குறிப்பை எழுத இடமே இருக்காது. எழுத வேண்டிய இடம்தானே நின்றிருக்கிறது. கரண்டைப் பிடுங்கினால் அந்தச் சாட்சி போய்விடும். இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. ஷட்டவுன் கட்டளை கொடுத்தாலும் அன்மவுன்ட் ஆகும் இடத்தில் அதுவும் போய் நின்றுகொள்ளும். கடைசியில் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொல்ல வேண்டியதுதான். மறுபடி எழும்போது, எழுத்து பாதியில் அறுந்த அணியை, எழுதிய இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் அதில் இல்லையென்றால், லினக்ஸ் முழுக்க ஒத்திசைக்கத் தொடங்கும். அதாவது நோயுற்ற டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கச் சொல்லும். அந்த வேளையில் அந்த டிஸ்க் வெளியே தள்ளப்பட்டிருந்தால் நிலைமை அதைவிட மோசம். ஒரு டிஸ்க் குறைந்து, எழுத்தும் அறுந்து கிடக்கும் ரெய்டு 5ஐ லினக்ஸ் தானாகத் தொடங்கவே தொடங்காது. அது சரியான பிடிவாதம்தான். ஆனால் அப்படியொரு ராத்திரியில் அதை எதிரே நின்று பார்ப்பது கொடுமை.

போய்ச் சேர்ந்ததும் லாகின் ஆனேன். உள்ளே போனதும் விரல் தன்னாலே ‘எல்எஸ்’ அடிக்கப் பார்க்கும், ‘டிஎஃப்’ அடிக்கப் பார்க்கும். இரண்டும் நின்றுபோன ஃபைல் சிஸ்டத்தைத் தொட்டால் தாங்களும் அங்கேயே சிக்கிக்கொள்ளும், நம் டெர்மினலும் சேர்ந்து போகும். எது மவுன்ட் ஆகியிருக்கிறது என்று தெரிய ப்ராக் கோப்பகத்தில் மவுன்ட்ஸ் என்ற கோப்பைப் படித்தால் போதும், அது டிஸ்க்கைத் தொடாது. ‘பிஎஸ்’ கூடச் சில நேரம் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒவ்வொரு ப்ராசஸின் முழுக் கட்டளை வரியை எடுக்க அதன் நினைவகப் பூட்டை அது கேட்கிறது. பெயரும் நிலையும் மட்டும் கேட்டால் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு டெர்மினலைத் திறந்து சும்மா வைத்திருப்பதும் என் பழக்கம்.

லோட் ஆவரேஜ் 60ஐத் தாண்டியிருந்தது. சிபியு கிட்டத்தட்ட முழுக்கச் சும்மா இருந்தது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: லோட் 60 என்றால் ஏதோ ஒரு ப்ரோகிராம் சிபியுவைத் தின்கிறது என்று தேடப் போய்விடுவார்கள். லினக்ஸில் லோட் என்பது ஓடுகிறவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காகத் தட்டி எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. 1993இல் ஒரு சின்னத் திருத்தமாக உள்ளே வந்த பழக்கம் இது. 2017இல், கணினிகளின் வேகத்தை ஆராயும் ப்ரெண்டன் கிரெக் பழைய மடல்களைத் தோண்டி அந்தத் திருத்தத்தைக் கண்டுபிடித்து எழுதினார். எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல் நன்றி உண்டு. சிபியு சும்மா இருக்க லோட் மட்டும் ஏறி நின்றால், அந்த ஒரு வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது.

தட்டி எழுப்ப முடியாத அந்தத் தூக்கத்துக்கு ‘டி’ என்று ஓர் எழுத்து. அந்த நிலையில் இருக்கும் ப்ராசஸை ‘கில் மைனஸ் நைன்’ கொடுத்தும் கொல்ல முடியாது. கர்னல் பிடிவாதம் பிடிப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ப்ராசஸின் நினைவகப் பக்கத்தில் வந்து எழுதுமாறு டிஸ்க்கிடம் சொல்லியாகிவிட்டது. பாதியில் ப்ராசஸைக் கொன்று அந்தப் பக்கத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், தாமதமாக வரும் பதில் யார் தலையில் விழும்? இதைப் புரிந்துகொண்டபின் நான் கொல்ல முயல்வதையே விட்டுவிட்டேன். காத்திருப்பவன் குற்றவாளி இல்லை. அவன் யாருக்காகக் காத்திருக்கிறான் என்று கேட்க வேண்டும்.

இந்த ஒரு கேள்விதான் இந்தத் தொழில் முழுக்க. யார் காத்திருக்கிறார், யாருக்காக, அவர் யாருக்காக. சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை விடாமல் போக வேண்டும். நடுவில் எங்கே நின்றாலும் நிரபராதியைத்தான் பிடிப்போம். கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ வழியாக ‘டபிள்யூ’ என்ற ஓர் எழுத்தை அனுப்பினால் சிக்கி நிற்கும் எல்லா ப்ராசஸ்களின் உள்ளோட்டத்தையும் கர்னல் கொட்டிவிடும். ஸ்டூடியோவில் அது வரிசையாக வந்தது. எடிட்டர்களின் மெஷின்களுக்கு ஃபைல் கொடுக்கும் சாம்பா ப்ராசஸ்கள் ஃபைல் சிஸ்டத்தின் பூட்டுக்கு. பூட்டைப் பிடித்திருந்தவன் ஜர்னலுக்கு. ஜர்னல் எழுதுபவன் ரெய்டு அடுக்குக்கு. ரெய்டு ஒரு டிஸ்க்குக்கு. நடுவே ‘இந்த ப்ராசஸ் 120 வினாடிக்கு மேல் நின்றிருக்கிறது’ என்ற எச்சரிக்கை பல முறை. பலரும் அந்த வரியையே நோய் என்று எடுத்துக்கொண்டு அதில் வரும் ப்ரோகிராமைத் திட்டுகிறார்கள். அது நோயைப் பார்த்த சாட்சி மட்டுமே.

எந்த டிஸ்க் என்பது ‘ஐஓஸ்டாட்’ பார்த்த சில வினாடிகளில் தெரிந்துவிட்டது. ஏழு டிஸ்க்குக்கு எல்லாக் கட்டத்திலும் சுழி. ஒன்றுக்கு மட்டும் படித்தது சுழி, எழுதியதும் சுழி, ஆனால் நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகக் கணக்கு. கேட்ட கேள்விகள் உள்ளே கிடக்கின்றன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. மெதுவாக இருப்பதற்கும் நின்றுபோனதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முடிந்த வேலைகளின் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறினால்கூட அது வெறும் மெதுவான ஓட்டம், காத்திருக்கலாம். நினைவகம் நிறைய உள்ள சர்வரில் பெரிய ஃபைல்களை நகலெடுத்துவிட்டு ‘சிங்க்’ அடித்தால் அது பல நிமிஷம் திரும்பாது. நினைவகத்தில் சேர்ந்து கிடக்கும் எழுத்தெல்லாம் டிஸ்க்குக்கு இறங்க வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து ரீபூட் செய்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்த டேட்டாவைத்தான் இழந்தார்கள். எண் அசையவே இல்லையென்றால்தான் அது நின்றுபோனது.

இனி லாக். ஐந்தாவது சாட்டா போர்ட் ‘ஃப்ரோசன்’. பிறகு ‘ஹார்டு ரீசெட்டிங் லிங்க்’. பிறகு, பதில் வரத் தாமதமாகிறது, பொறுமையாக இருங்கள் என்று பொருள்படும் ஒரு வரி. அந்த வரியைக் கர்னலில் எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் இந்த வேதனையை அனுபவித்தவர் என்று எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மல்டி டிஸ்க் சர்வர்கள் நின்றுபோவதற்கு நான் பார்த்தவரை இதுதான் பெரிய காரணம். இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. வீட்டு உபயோகத்துக்கான டிஸ்க், படிக்க முடியாத செக்டர் ஒன்றைக் கண்டால் அதை விடாது. அதற்கு வேறு துணை இல்லை, இருக்கும் ஒரே நகல் அதுதான் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டது. தலையை முன்னே பின்னே நகர்த்தி, திரும்பத் திரும்பப் படித்து, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போராடும். லினக்ஸோ ஒரு கட்டளைக்கு 30 வினாடிதான் தரும். அது தாண்டியதும் லிங்க்கை ரீசெட் செய்யும். டிஸ்க் இன்னும் உள்ளே போராடிக்கொண்டிருப்பதால் ரீசெட்டுக்கும் பதில் வராது. 10 வினாடி, மறுபடி 10, பிறகு 35, பிறகு 5 என்று கர்னல் முயன்று பார்க்கும். எழுந்து வந்தால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்கும். டிஸ்க் அதே செக்டரில் மறுபடி போய் உட்காரும். இப்படியே நிமிஷங்கள் ஓடும். எழாவிட்டால் டிஸ்க் செத்தது என்று முடிவுகட்டி அணியிலிருந்து தள்ளிவிடும். ஒரே ஒரு செக்டருக்காக ஒரு முழு டிஸ்க்.

ரெய்டில் உள்ள டிஸ்க்குக்கு அந்தப் போராட்டமே தேவையில்லை. ஏழு வினாடியில் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிட்டால் போதும். ரெய்டு அடுக்கு மற்றவர்களிடமிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, அதே செக்டரில் திரும்ப எழுதும். எழுதும்போது டிஸ்க் அந்த இடம் கெட்டது என்று கண்டால் மாற்று இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும். நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கான நாஸ் டிஸ்க்குகள் இந்த ஏழு வினாடி வரம்போடுதான் வருகின்றன. வேறு சில டிஸ்க்குகளில் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்ற கருவி கொண்டு 70 என்று கொடுத்து வைக்கலாம், கணக்கு பத்தில் ஒரு வினாடியில். கரண்ட் போய் வந்தால் மறந்துவிடும், ஆகவே ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் கொடுக்க வேண்டும். இந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸின் கடிகாரத்தை 30லிருந்து 180க்கு நீட்டவேண்டும். அப்போது நின்று நின்று போகும், ஆனால் டிஸ்க்கைத் தள்ளிவிடாது. ஸ்டூடியோவில் இருந்த எட்டும் அந்த வசதி இல்லாத டெஸ்க்டாப் டிஸ்க்குகள். கடிகாரமோ 30லேயே இருந்தது.

எல்லா மௌனமும் செக்டரால் வருவதில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள். அது ஏறினால் நோய் டிஸ்க்கின் சுழலும் தட்டில். 199 ஏறினால் நோய் பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, கேபிளில்: போன டேட்டா வழியில் சிதைந்து வந்தது என்று அர்த்தம். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டிஸ்க்கை அதே பழைய கேபிளில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிளை மாற்றினாலும் அந்த எண் இறங்காது. அது வாழ்நாள் கணக்கு. அதனால் மாற்றிய அன்று இருந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஸ்ப்ளிட்டரில் தொங்கும் இரண்டு மூன்று டிஸ்க் ஒன்றாக மறைந்தால் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். அதிர்வும் உண்டு. 2008 கடைசியில் ப்ரெண்டன் கிரெக் டிஸ்க் வரிசைக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கத்தினார், திரையில் தாமதம் குபீரென்று ஏறியது. அந்த வீடியோவைப் பார்த்த அன்று எங்கள் ரேக்குகளின் திருகாணிகளையெல்லாம் இறுக்கினேன்.

சில நேரம் டிஸ்க்கின் பிறவியே காரணம். எஸ்எம்ஆர் வகையில் எழுத்துத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்ற அக்கம்பக்கத்தையும் திரும்ப எழுதவேண்டும். சின்ன வேலைகளில் தெரியாது. ரீபில்ட் மாதிரி விடாத எழுத்தில் உள்ளே இருக்கும் தற்காலிக இடம் நிரம்பி, டிஸ்க் தன் வீட்டைச் சரிசெய்யப் போய்விடும், நாம் வாசலில் நிற்போம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் இந்த வகை என்று ஒப்புக்கொண்டது. பிறகு தடங்கள் ஏறாத பழைய வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது. வாங்கும்முன் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பது அதற்குப் பிறகு எங்கள் தொழிலில் கடமையாகிவிட்டது.

டிஸ்க்குக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் பிழை இன்னொரு வகை. க்ரூசியல் எம்4 எஸ்எஸ்டிகள் 5,184 மணி நேரம் ஓடியபின் பதில் சொல்வதை நிறுத்தின. ரீபூட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் திருத்தம் வந்தது. 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான எச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில் செத்துவிடும் என்று எச்சரித்தது. மூன்று வருஷம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய எட்டும் ஒரே மணியில் போகும் என்றால் ரெய்டு என்ன செய்யும்? அன்றிலிருந்து ஒரு சர்வருக்கு எல்லா டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஸ்டூடியோவுக்கு வருகிறேன். 197 ஏறியிருந்தது, 199 சுத்தம். ஆகவே தட்டு. முதலில் எட்டுக்கும் கடிகாரத்தை 180 ஆக்கினேன். பிறகு ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்தேன். தம்பி பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சில நிமிஷத்தில் டிஸ்க் அந்தக் கட்டளையைக் கைவிட்டு, முடியவில்லை என்று சொன்னது. ரெய்டு அந்தத் துண்டைச் சரிசெய்தது. லோட் இறங்கத் தொடங்கியது. எடிட்டர்கள் எழுந்து கைதட்டினார்கள். நான் அவர்களை, எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு வெளியே போகச் சொன்னேன்.

நகல் இல்லாத ஃபுட்டேஜை முதலில் வெளி டிஸ்க்குகளுக்கு எடுத்தோம். அதற்குப் பிறகே டிஸ்க் மாற்றம். இங்கே ஒரு முறை உண்டு, எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய முறை: நோயுற்ற டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைக்கக் கூடாது. புதியதைப் பக்கத்தில் மாட்டி, லினக்ஸின் ரெய்டு கருவியான ‘எம்டிஅட்மின்’னில் ‘ரீப்ளேஸ்’ என்று சொல்ல வேண்டும். பழைய டிஸ்க் அணியில் இருக்கும்போதே அதிலிருந்து புதியதற்கு நகல் போகும். அதில் படிக்க முடியாத இடத்தை மட்டும் மற்ற ஏழும் கொடுக்கும். அதன் கோடிக்கணக்கான செக்டர்களில் கெட்டது ஒரு கைப்பிடிதான். பிடுங்கிவிட்டால் அந்த நல்ல செக்டர்களும் போய்விடும். மற்ற ஏழில் எங்காவது ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை.

எந்த டிஸ்க் என்பதையும் பெயரை வைத்து நம்பக் கூடாது. எஸ்டிஇ, எஸ்டிஎஃப் என்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறும். லாக் சொன்ன ஐந்தாவது போர்ட்டிலிருந்து டிஸ்க்கின் பெயருக்கு, பெயரிலிருந்து சீரியல் எண்ணுக்கு, எண்ணிலிருந்து கையில் இருக்கும் டிஸ்க்கின் ஸ்டிக்கருக்கு. தம்பி எண்ணைப் படிக்க நான் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். அன்றே டிஸ்க் செருகும் எட்டு டிரேக்களிலும் சீரியல் எண் எழுதி ஒட்டினோம்.

பிறகு இன்னொரு டிஸ்க் சேர்த்து, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 ஆக்கினோம், சர்வர் எழும்போதே கடிகாரங்களைச் சரிசெய்யும் ஸ்கிரிப்ட் வைத்தோம். டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் அணி முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு தானாகவே வருகிறது. அங்கே யாரோ ‘ஸ்லோவாகிறது’ என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைத் திரும்ப இயக்கினேன். அடுத்த மாதத்துச் சரிபார்ப்புக்குப் பின் தம்பி போன் செய்து எண்களைப் படித்தான். மூன்றாம் டிரேயில் இருந்த டிஸ்க்கின் 199 பதினொன்று ஏறியிருந்தது. கேபிளை மாற்றச் சொன்னேன். அதற்கு அடுத்த மாதம் அந்த எண் அதே இடத்தில் இருந்தது.